மன்கட் பண்ணா போங்கா? நேத்து கடக்கரை மேட்ச்ல வந்த சண்டை

உப்புக்காத்து:
எனக்கு தங்கச்சிமடம் பக்கம். தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்குதுல்ல, அதனால சாயங்காலம் ஆனா ஊரே கடக்கரைலதான், மேட்ச் மேல மேட்ச். நேத்து பக்கத்து ஊரு டீமோட 8 ஓவர் மேட்ச். கடைசி ஓவர்ல அவய்ங்களுக்கு 7 ரன் வேணும், பவுலர் பக்கம் நின்ன நான் ஸ்ட்ரைக்கர் பந்து கையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டி ஒரு பாகம், அதான் ஆறடி, தள்ளிப் போயி நிக்கிறான், ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு பந்துக்கும். எங்க பவுலர் ஓடி வந்தவன் பந்தைப் போடாம அப்டியே நின்னு ஸ்டம்பா நட்ட கருவக் கம்பைத் தட்டி விட்டுட்டான், மன்கட்னு சொல்வாங்கள்ல, அது. அம்புட்டுதான். எங்க கடக்கரைல பேட்டிங் டீம் ஆளுதான் அம்பயர் நிக்கணும், அதனால அவரு அவய்ங்க ஆளு, "இதெல்லாம் அவுட்டா, போங்காட்டம்"னு கையைத் தூக்கவே இல்ல. சண்டை பெருசாகி பந்தையும் தூக்கிட்டுப் போய்ட்டாய்ங்க, பந்து எங்க காசுல வாங்குனது அது வேற. வீட்ல வந்து சொன்னா எங்கப்பாவும் "ஜெயிக்க இப்டி ஒரு பொழப்பாடா"ங்குறாரு. அண்ணன்மாரே, நெசமாவே இது போங்கா? டிவில வர்ற பெரிய பிளேயர் எல்லாம் யோக்கியமா?

கீழக்கரை_காக்கா:
தம்பி, அவுட்தான், சந்தேகமே வேணாம். 2022 அக்டோபர்ல இருந்து இதை சட்டப் புத்தகத்துல "முறையற்ற ஆட்டம்"ங்குற எடத்துல இருந்து எடுத்து சாதா ரன் அவுட்டோட சேத்துட்டாங்க. வார்னிங் குடுக்கணும்னு சட்டம் எப்பவும் சொல்லல. பேரு வந்த கதையே பாருங்க, 1947ல சிட்னி டெஸ்ட்ல நம்ம வினு மன்கட் ஆஸ்திரேலியாக்காரர் பில் பிரவுனை இப்டி அவுட் பண்ணாரு, அதுக்கு முந்துன ஒரு மேட்ச்ல அதே ஆளை எச்சரிச்சும் விட்டாரு, அதே மேட்ச்ல அவுட்டும் பண்ணாரு, அப்பவும் பிரவுன் திருந்தல. எதிர் டீம் கேப்டன் பிராட்மேனே மன்கட் மேல தப்பில்லன்னுட்டாரு. ஆனா பேரு யாருக்கு கெட்டுச்சு? வெளிய போனவருக்கு இல்ல, ஸ்டம்பைத் தட்டுனவருக்கு. 2019ல ஜெய்ப்பூர்ல நம்ம அஸ்வின் பட்லரைத் தட்டுனப்பவும் இதே கூத்து, பட்லருக்கு அது ரெண்டாவது தடவை, 2014லயே இலங்கைக்காரங்க கையால ஒரு தடவை இப்டிப் போனவரு. 2022ல லார்ட்ஸ்ல நம்ம தீப்தி சர்மா இங்கிலாந்து சார்லி டீனை இப்டி எடுத்தப்ப இங்க துபாய்ல எங்க ரூம்லயே ரெண்டு கோஷ்டி ஆகி ஒரு வாரம் ஒருத்தருக்கொருத்தர் பேசல, சாப்பாடு மட்டும் ஒண்ணா.

படகுபெயிண்டர்:
மன்கட்ட விடுங்கப்பா, எல்லாரும் பாக்க செய்றது அது. மறைச்சு செய்றதுதான் கள்ளாட்டம். 2018 மார்ச்ல கேப்டவுன்ல ஆஸ்திரேலியா பேன்கிராஃப்ட் ஒரு மஞ்சத் துண்டை வச்சு பந்தைத் தேச்சுட்டு, கேமரா பாத்துருச்சுன்னு தெரிஞ்சதும் பேண்ட்டுக்குள்ள சொருவுனாரே, அதுதான்யா போங்கு. அம்பயர் கூப்டு கேட்டா பாக்கெட்ல இருந்து கண்ணாடி தொடைக்கிற துணியை எடுத்துக் காட்டுறாரு! மொதல்ல அது டேப்புன்னாங்க, பொறவுதான் உப்புத்தாள்னு வெளிய வந்துச்சு. கேப்டன் ஸ்மித்துக்கும் வைஸ் கேப்டன் வார்னருக்கும் ஒரு வருசம், பேன்கிராஃப்டுக்கு 9 மாசம் தடை. அந்த மேட்ச்ல தேச்சும் 322 ரன்ல தோத்தாய்ங்க, அதான் எனக்கு சிரிப்பு.
தடைக்காலத்துல எனக்கு நாளெல்லாம் உப்புத்தாள்தான் கைல, பழைய பெயிண்ட்டை சொரண்டி சொரண்டி விரல் ரேகையே போச்சு. அதனால சொல்றேன், தோல் பந்துல ஒரு பக்கத்துல நாலு இழுப்பு இழுத்தா போதும் சொரசொரன்னு ஆயிரும், இன்னொரு பக்கத்தை வேர்வை போட்டு பளபளன்னு வச்சுக்கிட்டா வேகமா போடுறவனுக்கு பந்து எதிர்ப்பக்கமா வளையும், ரிவர்ஸ் ஸ்விங் அதுதான். நம்ம ரப்பர் பந்துல ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டி போடுறோமே, அது எல்லாருக்கும் தெரிஞ்சு ஒட்டுறது, சண்டையே வராது.

மண்டபம்_பழைய_ஆளு:
பெயிண்டர் தம்பி சொல்றது முழுசா சரி இல்ல. எதிர்ல செஞ்சா எல்லாம் நியாயம் ஆயிருமா? 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். நியூசிலாந்துக்கு கடைசிப் பந்துல டை பண்ண சிக்ஸர் வேணும். ஆஸ்திரேலியா கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி ட்ரெவரைக் கூப்டு பந்தைத் தரையோட உருட்டுன்னாரு. உருட்டுனான். அம்பயர்கிட்ட சொல்லிட்டுதான் செஞ்சாங்க, அன்னைக்கு ரூல்படி தப்பும் இல்ல. பேட்டிங்ல நின்ன மெக்கெக்னி அந்தப் பந்தைத் தட்டிட்டு பேட்டைத் தூக்கி எறிஞ்சாரு. கூடப்பொறந்த மூத்தவரு இயான் சாப்பல் கமெண்டரில இருந்தாரு, அவராலயே தாங்க முடியல. அண்ணன் சொல்லத் தம்பி செஞ்சது, ஆனா நாப்பது வருசம் ஏச்சு வாங்குனது தம்பிதான், இதையும் சொல்லியாகணும்.
இன்னொரு பக்கம் பாருங்க, 1980 பம்பாய்ல நம்ம விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து பாப் டெய்லருக்கு அவுட் குடுத்தாச்சு, எட்ஜ், அதான் பேட் ஓரத்துல பந்து, படலன்னு இவருக்குத் தோணுச்சு, திரும்பக் கூப்டாரு. அந்த டெய்லர் போத்தமோட சேந்து 171 ரன் பார்ட்னர்ஷிப் போட்டு நம்மளை 10 விக்கெட்ல தோக்கடிச்சாங்க. 1987 உலகக்கோப்பைல லாகூர்ல வெஸ்ட் இண்டீஸ் வால்ஷும் கடைசிப் பந்துல வெளிய நின்ன சலீம் ஜாஃபரைத் தட்டாம விட்டுட்டுப் போய் பவுலிங் போட்டாரு, பாகிஸ்தான் ஜெயிச்சுருச்சு. தோத்தாலும் இன்னைக்கு வரைக்கும் அவங்களைப் பேசுறோம்ல.

கீழக்கரை_காக்கா:
மாமா, வால்ஷைப் பேசுறோம் சரி, ஜாஃபரை யாராச்சும் பேசுறோமா? கோட்டைத் தாண்டி நின்னவரு அவருதானே.

மண்டபம்_பழைய_ஆளு:
அது சரிதான்.

ராம்நாடு_லெக்ஸ்பின்:
எனக்கு எப்பவும் எரியுறது 2008 சிட்னிதான். ஆஸ்திரேலியா சைமண்ட்ஸ் 30ல இருக்கப்ப இஷாந்த் பந்துல எட்ஜ், கீப்பர் கைக்குப் போச்சு, அம்பயர் பக்னர் குடுக்கல, ஆளு நின்னு ஆடி 162 நாட் அவுட், சாயங்காலம் ஆமா பட்டுச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. 2013ல நாட்டிங்காம்ல இங்கிலாந்து பிராடும் அப்டித்தான், பட்டு ஸ்லிப்புக்கே போயிருச்சு, அசையல, ஆஸ்திரேலியாகிட்ட டிவி அம்பயரைக் கேக்குற ரிவியூ வேற மிச்சம் இல்ல. அதே ஆஸ்திரேலியால கில்கிறிஸ்ட்னு ஒரு மனுசன் 2003 உலகக்கோப்பை செமில அம்பயர் நாட் அவுட்னு சொன்னப்புறமும் தானா நடந்து போனாரு. ஆமா உப்புக்காத்து தம்பி, நீ பேட்டிங் பண்ணியா நேத்து? எட்ஜ் கிட்ஜ் பட்டு நின்னியா? உண்மையைச் சொல்லு.

உப்புக்காத்து:
ஏண்ணே இப்டி கேக்குறீங்க. சரி சொல்லிர்றேன். 11ல இருக்கப்ப லேசா பட்டுச்சு, கீப்பர் பிடிச்சுட்டான், அவய்ங்க எல்லாம் கத்துனாய்ங்க. கச்சான் காத்து அடிச்சுக்கிட்டு கெடக்கு, அலைச் சத்தம் வேற, யாருக்கு என்ன கேட்டுச்சுன்னு தெரியாது, அம்பயரும் எங்க சித்தப்பா மகன். நான் நின்னுட்டேன். 34 அடிச்சேன்.

படகுபெயிண்டர்:
அடப்பாவி 😂 இதை மொதல்லயே சொல்லிருந்தா நான் அம்புட்டு பெருசா டைப் அடிச்சிருக்க மாட்டேன்ல.

ராம்நாடு_லெக்ஸ்பின்:
மன்கட் நியாயம்தான், அதுல மாத்தமில்ல. ஆனா 34ல 23 ரன் அவய்ங்களோடது.

உப்புக்காத்து:
அண்ணே அந்த நான் ஸ்ட்ரைக்கர் பயதான் கீப்பரும். இன்னைக்குக் காலைல வலை பிரிக்கிற எடத்துல பாத்தேன், அவன் மொறைக்க நான் குனிஞ்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை திரும்ப வைப்போம்னு ரெண்டு ஊரு பெருசுகளும் பேசிட்டாங்க, அம்பயருக்கு மூணாவது ஊரு ஆளு. பந்து மட்டும் இன்னும் அவய்ங்ககிட்ட இருக்கு, யாரு போயி வாங்குறதுன்னு எங்க டீம்ல பேச்சு ஓடுது, எல்லாரும் என்னையத்தான் பாக்குறாய்ங்க.