ரவுட்டர்ல 23, வீட்டுல எண்ணினா 19

குழு: தண்டையார்பேட்டை நம்ம பிளாட்

இரவு 8:12
2-பி அக்கா: 3-ஏ தம்பி இருக்கியாப்பா? ரவுட்டர் பேஜ்ல 23 டிவைஸ் காட்டுது. வீட்டுல எண்ணிப் பார்த்தா 19தான். போன் 5, லேப்டாப் 2, டிவி 1, அலெக்ஸா ஸ்பீக்கர் 2, பல்பு 4, ஸ்மார்ட் பிளக் 3, கேமரா 1, ஏசி 1. மீதி நாலு என்னன்னு தெரியல. படம் போடறேன்.

8:13
2-பி அக்கா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

8:13
3-ஏ தம்பி: நான் சொல்றதுக்குள்ள எடுத்துட்டீங்க, நல்லது அக்கா. ரவுட்டர் ஸ்டிக்கரும் படத்துல விழுந்திருந்துச்சு, வைஃபை பாஸ்வேர்டும் அட்மின் பாஸ்வேர்டும் தெளிவாத் தெரிஞ்சுது. யாராவது டவுன்லோடு பண்ணிருந்தா அழிச்சிடுங்க. எப்படியும் ரெண்டையும் இன்னிக்கே மாத்தணும். இப்ப பேரை மட்டும் டைப் பண்ணுங்க.

8:17
2-பி அக்கா: ஒண்ணு "எஸ்பிரெசிஃப்". ரெண்டாவதுக்குப் பேரே இல்ல, சிக்னலும் காட்டல. மூணாவது "ஆண்ட்ராய்டு"ன்னு மட்டும் இருக்கு. நாலாவதுக்கும் பேர் இல்ல, வைஃபை குறிக்கு பதிலா ஒயர் மாதிரி ஒரு குறி.

8:21
3-ஏ தம்பி: எதையும் பிளாக் பண்ணாதீங்க. முதல்ல ஒவ்வொண்ணும் எதுன்னு கண்டுபிடிக்கணும். பிளாக் பண்ணிட்டா அது கைக்கு சிக்காமப் போயிடும்.

எஸ்பிரெசிஃப்ங்கிறது சிப் கம்பெனி பேரு, ஷாங்காய்ல இருக்கு. பல்பு, பிளக், ஃபேன் ரெகுலேட்டர் பல பிராண்டுல உள்ள அவங்க சிப்தான் இருக்கும். மேக் அட்ரஸ்ங்கிறது நெட்வொர்க்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் இருக்கிற அடையாள எண். அதோட முதல் மூணு ஜோடி எழுத்து தயாரிப்பாளருக்குன்னு பதிவானது. அதை வச்சு ரவுட்டர் பல நேரம் சிப் கம்பெனி பேரைத்தான் காட்டும், கடையில பார்த்த பிராண்டு பேரைக் காட்டாது.

கண்டுபிடிக்க டிபி பாக்ஸ்ல, அதாவது கரண்ட் பெட்டியில, ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சுவிட்சை (எம்சிபி) ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க. ரவுட்டர் எந்த லைன்ல இருக்கோ அதைக் கடைசியா வைங்க. ஒவ்வொரு தடவையும் 3 நிமிஷம் பொறுத்து பேஜை ரெஃப்ரெஷ் பண்ணணும். உடனே பார்த்தா, செத்துப்போன டிவைஸைக்கூட அது உயிரோடன்னு காட்டும்.

8:39
2-பி அக்கா: பாத்ரூம் லைனை ஆஃப் பண்ணினதும் போயிடுச்சு. கீஸருக்கு லாஃப்ட்ல 16 ஆம்ப் பிளக் போட்டிருக்கு, எண்ண விட்டுட்டேன். அப்போ பிளக் 4.

8:43
3-ஏ தம்பி: ஒண்ணு தீர்ந்துது. ரெண்டாவதோட மேக் அட்ரஸ்ல இரண்டாவது எழுத்து என்ன?

8:44
2-பி அக்கா: ஏ.

8:49
3-ஏ தம்பி: இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இதுல ஒண்ணா இருந்தா அது போன் தானாவே உருவாக்கின அட்ரஸா இருக்கும். ஆண்ட்ராய்டு 10ல, அதாவது 2019ல, இது வந்துது. ஐபோன்ல 2020ல, ஐஓஎஸ் 14ல வந்துது. ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு தனி அட்ரஸ் போட்டுக்கும். உங்க ரவுட்டர்ல சாதா பேர் ஒண்ணு, 5ஜின்னு முடியற பேர் ஒண்ணு (மொபைல் 5ஜி இல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை). ஒரே போன் ரெண்டுலயும் மாறி மாறி சேர்ந்தா லிஸ்ட்ல ரெண்டு ஆளா நிக்கும். ரவுட்டர் ஒவ்வொரு டிவைஸுக்கும் குடுக்கற ஐபி நம்பரை 24 மணி நேரத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தா, பழைய வரி அதுவரைக்கும் போகாது.

சரிபார்க்க: போன்ல செட்டிங்ஸ், வைஃபை, பேருக்குப் பக்கத்துல இருக்கிற சக்கரம். அங்க மேக் அட்ரஸ் இருக்கும். அஞ்சு போன்லயும் ரெண்டு பேருக்கும் பாருங்க.

9:02
2-பி அக்கா: பையன் போன்தான். 5ஜி பேர்ல இருக்கிற அட்ரஸ் அப்படியே ஒத்துப்போகுது.

9:03
1-ஏ சார்: நாலாவது நம்ம அசோசியேஷன் டிவிஆரா (கேமரா ரெக்கார்டர்) இருக்கும்மா. கீழ் கேமரா நாலுக்கும் நெட் உங்க ரவுட்டர்ல இருந்துதான் போகுது. மாடிப்படி ஷாஃப்ட் வழியா நீல நிற ஒயர் இறங்குதே, அதான்.

9:06
கேபிள் அண்ணன்: ஆமா சார். ரவுட்டர் பின்னாடி லேன் 3ல சொருகியிருக்கும். அக்கா, அந்த ஒயரைக் கழட்டினா லிஸ்ட்ல அது போகுதான்னு பாருங்க.

9:10
2-பி அக்கா: போயிடுச்சு.

9:18
3-ஏ தம்பி: அப்படியே கழட்டியே வைங்க அக்கா. சார், நாலுலயும் எனக்குப் பெரிய கவலை இதான். ஒயர்ல வர்றதுக்கு வைஃபை பாஸ்வேர்டு மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது. டிவிஆருக்குக் கம்பெனி போட்ட பாஸ்வேர்டே இருந்தா வெளியில இருந்து யாரும் நுழையலாம். 2016ல மிராய்னு ஒரு கெட்ட சாஃப்ட்வேர் இப்படித்தான் பரவுச்சு. 60க்கு மேல டிஃபால்ட் பாஸ்வேர்டை ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்த்து, கேமரா, டிவிஆர் எல்லாத்தையும் பிடிச்சு, அதே வருஷம் அக்டோபர் 21 அன்னிக்கு அமெரிக்காவுல பெரிய பெரிய சைட்டுங்களை முடக்கிச்சு.

அக்கா, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங், யூபிஎன்பி ரெண்டு பக்கத்தையும் பாருங்க, வெளியில இருந்து உள்ள வர வழி அங்கதான் திறக்கும். டிவிஆர் வழக்கமாப் பயன்படுத்தற 37777, 8000, 554 இந்த மாதிரி நம்பர் இருக்கா?

9:24
2-பி அக்கா: யூபிஎன்பி ஆன்ல இருக்கு. அதுல 37777, 554 ரெண்டும் இருக்கு.

9:27
3-ஏ தம்பி: டிவிஆர் தானாவே கதவைத் திறந்து வச்சிருக்கு. யூபிஎன்பியை ஆஃப் பண்ணி, அந்த வரிகளை அழிச்சு, ரவுட்டரை ரீபூட் பண்ணுங்க.

9:29
1-ஏ சார்: ஒயரைக் கழட்டினா ரெக்கார்டிங் நின்னுடாதே?

9:34
3-ஏ தம்பி: நிக்காது சார். ஹார்ட் டிஸ்க்ல ஓடிக்கிட்டே இருக்கும், மொபைல்ல பாக்கறதுதான் இருக்காது. ஒண்ணு மட்டும் கவனிங்க. நெட் இல்லாம டிவிஆர் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா விலகும். நாளைக்கு ஏதாவது திருட்டுன்னு போலீஸ் ஃபுட்டேஜ் கேட்டா நேரம் சரியா இருக்கணும். வாரம் ஒருதரம் போன் நேரத்தோட ஒப்பிட்டு சரி பண்ணுங்க.

9:36
2-பி அக்கா: அந்த "ஆண்ட்ராய்டு"?

9:41
3-ஏ தம்பி: அஞ்சு போனையும் ஏரோபிளேன் மோடுல போட்டு, லேப்டாப்பை ஒயர்ல சொருகிப் பாருங்க. சிக்னல் நம்பரும் சொல்லுங்க.

9:52
2-பி அக்கா: இன்னும் லைவ்ல இருக்கு. மைனஸ் 79.

9:58
3-ஏ தம்பி: ரவுட்டர் பக்கத்துல இருந்தா மைனஸ் 40 வாக்குல வரும். 79ன்னா ரெண்டு மூணு சுவர் தாண்டி இருக்கு. இது வெளியாள் போன். நம்ம தெருவுல வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு, பின் சந்து வரைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் போகும். யாருன்னு தேடவோ, குரூப்ல பேர் சொல்லவோ வேணாம். வீட்டுக்கு வந்தவங்க யாராவது வைஃபை க்யூஆர் ஸ்கேன் பண்ணி சேர்ந்திருப்பாங்க. பல ஆண்ட்ராய்டு போன்ல அந்த க்யூஆருக்குக் கீழயே பாஸ்வேர்டு எழுத்துலயும் தெரியும். போன் மாத்தினாலும் பேக்கப்ல புதுப் போனுக்குப் போயிடும்.

மேக் ஃபில்டர், அதாவது அந்த அட்ரஸை மட்டும் தடுக்கறது, போட்டு நிறுத்தலாம்னு தோணும். போன்ல ஒரே ஒரு செட்டிங் மாத்தினா அட்ரஸ் மாறிடும், மறுபடி உள்ள வந்துடும். பாஸ்வேர்டை மாத்தறதுதான் வழி.

10:01
கேபிள் அண்ணன்: ஒரு விஷயம் அக்கா. பாஸ்வேர்டு மாத்தறேன்னு ரவுட்டர் பின்னாடி இருக்கிற ரீசெட் ஓட்டையில ஊசி குத்திடாதீங்க. லைனுக்கான பிபிபிஓஇ யூசர்நேம், விலேன் நம்பர் எல்லாம் அழிஞ்சிடும், ஆள் வந்து திரும்பப் போடற வரைக்கும் நெட் இருக்காது. ரீபூட் வேற, ரீசெட் வேற. ஒயர்ல சொருகின லேப்டாப்ல 192.168.1.1 போட்டு உள்ள போய் மாத்துங்க. வைஃபையில இருந்துக்கிட்டு மாத்தினா பாதியில கனெக்ஷன் அறுந்துடும்.

10:15
3-ஏ தம்பி: அண்ணன் சொன்னபடி ஒயர்ல உள்ள போனதும் முதல்ல அட்மின் பாஸ்வேர்டு. அப்புறம் டபிள்யூபிஎஸ் ஆஃப், அதாவது பாஸ்வேர்டு போடாமலே பட்டன் இல்ல பின் நம்பர்ல வைஃபையில சேர்ற வசதி. அதோட 8 இலக்க பின்னை ரெண்டு பாதியாத் தனித்தனியா சரிபார்க்கும், கடைசி இலக்கம் கணக்குல தானா வர்றது. அதனால 11,000 தடவை முயற்சி பண்ணினாலே உடைஞ்சிடும். 2011லயே வெளியில வந்த ஓட்டை. ரிமோட் மேனேஜ்மென்ட்டும் ஆஃப்.

அப்புறம் வைஃபை பாஸ்வேர்டு, 16 எழுத்துக்குக் குறையாம. வெறும் எழுத்தும் எண்ணும் போதும். ஸ்பேஸ், ஸ்பெஷல் கேரக்டர் வச்சா சில கேமரா முழிக்கும். 2.4ல செக்யூரிட்டி முறை டபிள்யூபிஏ2 வைங்க. டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சா பழைய பல்பு எதுவும் சேராது.

பல்பு, பிளக், ஏசி, கேமரா எல்லாத்துக்கும் கெஸ்ட் நெட்வொர்க் (அதே ரவுட்டர்ல தனி வைஃபை) ஆன் பண்ணி அதுல சேருங்க. போன், லேப்டாப் மெயின்ல இருக்கட்டும். கெஸ்ட்டுக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் வச்சா பல்பெல்லாம் தானா வந்துடும்னு யாராவது யோசனை சொல்வாங்க. செய்யாதீங்க. பின் சந்துப் போனும் அதே மாதிரி தானா வந்துடும்.

10:24
4-பி மேடம்: திரும்பச் சேர்க்கும்போது ஆப்ல இருந்து பல்பை டெலிட் பண்ணாதீங்க. அதே அக்கவுன்ட்ல மறுபடி இணைச்சா போதும், டைமர், பேர் எல்லாம் நிக்கும். டெலிட் பண்ணினா எல்லாம் புதுசாப் போடணும். பல்புக்கு மூணு தடவை ஆஃப் ஆன், வேகமா மின்னும். பிளக்குக்கு பட்டனை 5 செகண்டு அழுத்தணும். போன் அப்ப மட்டும் கெஸ்ட்டோட 2.4ல இருக்கணும், லொகேஷன் ஆன்ல இருக்கணும். நிறைய பேருக்கு சிக்கல் 5ஜில நின்னுக்கிட்டு இணைக்கறதாலதான்.

10:31
4-பி மேடம்: இன்னொண்ணு, இது ரவுட்டர் லிஸ்ட்ல தெரியவே தெரியாது. ஸ்மார்ட் ஹோம் ஆப்ல "ஹோம் மேனேஜ்மென்ட்"னு இருக்கும், அதுல மெம்பர் யார் யாருன்னு பாருங்க. உங்க வைஃபையே தொடாம, எந்த ஊர்ல இருந்தும் அவங்க கேமராவைப் பார்க்கலாம், கீஸரை ஆன் பண்ணலாம். அலெக்ஸா ஆப், கேமரா ஆப்லயும் ஷேர் லிஸ்ட் உண்டு. எக்ஸ்சேஞ்சுல குடுத்த பழைய போன்ல லாகின் அப்படியே இருக்கலாம். அக்கவுன்ட் பாஸ்வேர்டை மாத்தி, எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் குடுங்க, ரெண்டு படி சரிபார்ப்பு வைங்க.

10:33
ஜி-1 மாமா: சின்னக் கறுப்பு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வச்சிருக்கோம், அதையும் பார்க்கணுமாப்பா?

10:40
3-ஏ தம்பி: கட்டாயம் மாமா. 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டாங்க, பேட்பாக்ஸ் 2.0ன்னு. சில விலை குறைஞ்ச பாக்ஸ் கடையிலிருந்து வரும்போதே உள்ள வைரஸோட வருது. அப்ப அது நம்ம லைனை வெளியாளுக்கு வாடகைக்கு விடற மாதிரி. பிளே ஸ்டோர், செட்டிங்ஸ், அபவுட்ல பிளே ப்ரொடெக்ட் சர்டிஃபைடுன்னு இருக்கா பாருங்க. பிளே ஸ்டோரே இல்லாம வேற கடை இருந்தாலோ, பிளே ப்ரொடெக்டை ஆஃப் பண்ணச் சொன்னாலோ, நெட்ல இருந்து கழட்டிடுங்க. ரீசெட் பண்ணினா போகாது.

11:26
2-பி அக்கா: முடிஞ்சுது. ஆப்ல பழைய பெயின்டிங் கான்ட்ராக்டர் நம்பர் மெம்பரா இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப லிஸ்ட்ல 19. ஏசி மட்டும் இன்னும் சேரல, அதைச் சேர்த்தா 20.

11:29
4-பி மேடம்: ஏசி மெயினை 1 நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு, ரிமோட்ல வைஃபை பட்டனை அழுத்திப் பிடிங்க. பட்டன் இல்லன்னா மேனுவல்ல எந்த ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணும்னு இருக்கும்.

11:47
2-பி அக்கா: வந்துடுச்சு. 20.

11:48
1-ஏ சார்: டிவிஆர் பாஸ்வேர்டு மாத்த நாளைக்குக் காலைல 10 மணிக்கு வா தம்பி, சாவி என்கிட்ட இருக்கு. அதுவரைக்கும் நீல ஒயர் கழட்டினபடியே இருக்கட்டும்மா.