பிள்ளைகளின் வருகைக் கணக்கைப் பார்க்கும் ஊர்க் கூட்டமைப்பில் சேரலாமா?

ஒஹாயோ அப்பா:

வணக்கம். சின்சினாட்டி பக்கம் 9 வருடமாக இருக்கிறேன். டேட்டாபேஸ் வேலை. போன செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நகரத்துக்குள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். எனக்கென்று ஒரு பையனைக் கொடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரன். ஆனால் மூன்று செவ்வாய்க்கு ஒரு செவ்வாய்தான் இருப்பான். மற்ற நாளில் "இன்றைக்கு வரவில்லை" என்பார்கள். நானும் வேறு பிள்ளையோடு வாசித்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது அந்தப் பள்ளி மூலமாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பள்ளிகள், நூலகம், குழந்தைகள் கிளினிக், சமுதாயக் கல்லூரி, வேலை கொடுக்கும் சில கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. தொட்டில் முதல் வேலை வரை ஒரு பிள்ளை எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்பதை எண்களை வைத்துப் பார்த்துச் சரிசெய்வதுதான் நோக்கம் என்கிறார்கள். டேட்டா தெரிந்த தன்னார்வலர் ஒருவர் வேண்டுமாம்.

எனக்கு இரண்டு தயக்கம். இதற்கு முன் இருந்த ஊரில் இப்படி ஒரு குழுவில் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். வண்ண வண்ணமாக வரைபடம் போட்டோம், அதோடு சரி. ஒரு பிள்ளைக்குக்கூட அதனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இரண்டாவது, என் மனைவி கேட்ட கேள்வி. "நம் பிள்ளையின் மார்க்கையும் லீவையும் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தால் நாம் சும்மா இருப்போமா?" பதில் சொல்ல முடியவில்லை. முதல் கூட்டம் வியாழக்கிழமை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நதிக்கரை:

போங்கள். கட்டாயம் போங்கள். நான் 6 வருடம் இதே வேலையில் இருந்தவள், வேறொரு நகரத்தில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் இருக்கும் ஊர்தான் இதற்குத் தாய்வீடு. 2006-இல் சின்சினாட்டியிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கும் கவிங்டன், நியூபோர்ட்டிலும் சேர்ந்து 'ஸ்ட்ரைவ்' என்று ஆரம்பித்தார்கள். அப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத் தலைவராக இருந்த நான்சி ஜிம்பர் அதில் முக்கியமானவர். கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் தயாராக இல்லையே என்று பார்க்கப்போய், பிரச்சினை உயர்நிலைப் பள்ளியில் இல்லை, அதற்கும் முன்னால், மழலையர் வகுப்பில் காலடி வைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஊரில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே தெருவில் நாலு தொண்டு நிறுவனம். ஆனால் ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் புதுத் திட்டம் போடாமல், எல்லோரும் ஒரே அளவுகோலைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் ஒரு இதழில் இதைப் பற்றி வந்த கட்டுரை, கண்காணித்த 53 அளவுகளில் 34-இல் முன்னேற்றம் என்று எழுதியது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க இந்த முறை பரவியது.

எண்கள் அலமாரியில் தூங்கவும் இல்லை. மூன்று, நான்கு வயதில் நல்ல மழலையர் பள்ளி கிடைக்காத பிள்ளை பின்தங்கித்தான் வருகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2016 நவம்பரில் சின்சினாட்டி வாக்காளர்கள் வருடத்துக்கு 4.8 கோடி டாலர் கூடுதல் சொத்து வரிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அதில் 1.5 கோடி மழலையர் கல்விக்கு. தன் வீட்டு வரியை ஏற்றச் சொல்லி ஒரு ஊரே வாக்களிப்பது சாதாரண விஷயமா? எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

சரி, உங்கள் முதல் தயக்கத்துக்கு வருகிறேன். வரைபடம் போட்டும் ஏன் ஒன்றும் மாறவில்லை? நீங்கள் சராசரியைப் பார்த்திருப்பீர்கள் என்பது என் ஊகம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 100 பிள்ளைகள், வருடத்துக்கு 180 நாள். 80 பேர் ஆளுக்கு 4 நாள் லீவு. மீதி 20 பேர் ஆளுக்கு 25 நாள். மொத்தம் 820 நாள் லீவு. பள்ளியின் சராசரி வருகை 95 சதவீதத்துக்கு மேல் வரும். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் ஐந்தில் ஒரு பிள்ளை அங்கே மூழ்கிக்கொண்டிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு நாள், அதாவது 18 நாள் போனாலே அதை நாள்பட்ட வருகைக் குறைவு என்கிறோம். மாதம் இரண்டு நாள்தான். பெற்றோருக்கு அது பெரிதாகவே தெரியாது.

அதனால் நாங்கள் சராசரியை விட்டோம். அக்டோபர் முதல் வாரத்திலேயே, இதுவரை 3 நாளுக்கு மேல் வராதவர்கள் யார் என்று மட்டும் கேட்டோம். ஒரு பள்ளியில் அந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்தபோது பாதிப் பேர் அடுத்தடுத்த மூன்று தெருக்களில் இருந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருந்தார், அதே தெருக்காரர். "யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை 6:50க்கு அவரோடு போய் நின்றேன். பேருந்து நிறுத்தம் நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம். விளக்கு இல்லை. கும்மிருட்டு. ஆறு வயதுப் பிள்ளையை எந்த அம்மா தனியாக அனுப்புவாள்? இரவு வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டால் கொண்டுபோய் விடுவார். வராத நாளில் பிள்ளை வீட்டில். நிறுத்தத்தைச் சாலைக்கு இந்தப் பக்கம் மாற்ற 11 வாரம் ஆனது. நாலு அலுவலகம் ஏறி இறங்கினோம். மாற்றியபின் அந்தப் பட்டியலில் மூன்று தெருவும் தனியாகத் தெரியவே இல்லை.

நான் வளர்ந்த ஊரில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை மூடும் முன்பே, வராத பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு பெரிய பையன்களை அனுப்பிவிடுவார். நான் செய்தது அதே வேலைதான், கம்ப்யூட்டரோடு.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பட்டியல் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, வந்த அன்றைக்கு யார் கையில் போகிறது? "வருட முடிவில் அறிக்கை" என்று பதில் வந்தால், அதை மாற்றுவதுதான் உங்கள் முதல் வேலை.

சிகாகோ டீச்சர்:

நதிக்கரை அக்கா சொன்னதற்கு மேல்வகுப்பில் நடந்ததைச் சேர்க்கிறேன். இங்கே 2005-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று காட்டியது: 9-ஆம் வகுப்பு முடியும்போது ஐந்து முழு வருடப் பாடங்களுக்கான கிரெடிட் எடுத்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவ ஃபெயிலுக்கு மேல் இல்லாத பிள்ளை, நான்கு வருடத்தில் பள்ளி முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 3.5 மடங்கு. அதுவரை 11, 12-ஆம் வகுப்பில்தான் ஓடி ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்படி 9-ஆம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் 2007-இல் 57 சதவீதம், 2013-இல் 82 சதவீதம்.

என் அனுபவத்தில், ஐந்தாவது வாரம், தடுமாறும் பிள்ளைகளின் பெயரும் ஒவ்வொரு பாடத்தின் மார்க்கும் உள்ள தாள் கைக்கு வரும். என் வகுப்பில் அல்ஜீப்ரா ஃபெயிலாகும் பிள்ளை ஆங்கிலத்தில் நன்றாக இருப்பதை அதில்தான் முதலில் பார்த்தேன். அல்ஜீப்ரா முதல் பீரியட். அப்படியானால் பிரச்சினை தூக்கம், காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது. மக்கு என்று இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. எண்ணை உயர்த்து என்று மேலிருந்து அழுத்தினால் ஃபெயிலை, பாஸில் கடைசியான டி கிரேடாக மாற்றிவிடும் ஆசை வரும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், அதே பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தார்களா, இரண்டாம் வருடம் தங்கினார்களா என்பதையும் கேளுங்கள். கல்லூரிச் சேர்க்கைப் பதிவுகளைத் திரட்டும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகப் பள்ளிகளுக்கு அந்தத் தகவல் கிடைக்கும்.

ஜெர்சி அம்மா:

உங்கள் மனைவியின் கேள்விதான் சரியான கேள்வி. அதற்கு யாரும் முழுப் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இன்ப்ளூம் என்று ஒன்று 2013-இல் வந்தது. பல மாநிலப் பிள்ளைகளின் தகவலை ஒரே இடத்தில் சேமிக்கும் திட்டம். கேட்ஸ் அறக்கட்டளை உள்பட 10 கோடி டாலர் பணம் பின்னால் இருந்தது. பெற்றோர் எதிர்ப்பில், முக்கியமாக நியூயார்க்கில், 2014-இல் மூடிவிட்டார்கள். பெற்றோரிடம் முதலில் வந்து பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, பிள்ளையின் பெயர் தெரியும்படியான பதிவை வெளியாருக்குக் கொடுக்கப் பொதுவாகப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. அதனால் எந்த அடிப்படையில் தருகிறீர்கள், ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தன்னார்வலருக்குப் பெயர்ப் பட்டியல் தேவையே இல்லை. பெயர் பள்ளிக்குள் இருக்கட்டும். உங்களுக்குத் தொகுத்த எண் போதும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணையே மறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம், அந்த மேசையில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தப் பாட்டி இல்லையென்றால் நதிக்கரைக்கு நிறுத்தம் தெரிந்திருக்காது.

ஒஹாயோ அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தேன். 14 பேர் இருந்தார்கள், பெற்றோர் ஒருவர்தான். பட்டியல் எப்போது வருகிறது என்று கேட்டேன். பருவத்துக்கு ஒரு முறை என்றார்கள். மாதம் ஒரு முறை தர முடியுமா என்று பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அம்மாவைக் கேட்டதற்கு, "வாரம் ஒரு முறைகூடத் தரலாம், இதுவரை யாரும் கேட்கவில்லை" என்றார். பெயர் இல்லாமல், வகுப்புவாரியாக எண்ணிக்கை மட்டும் எனக்கு வரும். பெயர்ப் பட்டியல் பள்ளி ஆலோசகரிடமே இருக்கும். ஒப்பந்தத்தின் பிரதியையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி படித்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.

பெற்றோராக வந்திருந்த அந்த ஒரு அம்மா, மாலை 4 மணிக் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு யாராலும் வர முடியாது என்றார். அடுத்த கூட்டம் சனிக்கிழமை காலை, பக்கத்தில் இருக்கும் நூலகத்தில்.

நதிக்கரை அக்கா, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாட்டியிடம் முதலில் எப்படிப் பேச்சுக் கொடுத்தீர்கள்?

நதிக்கரை:

நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார். கூட நின்று மடித்தேன்.