யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு 28 எம்எம் கார்ப் போட்டு பிஸ்டன் ஜாம் ஆன அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

வணக்கம்ங்க. கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர்), ஏர் ஃபில்டர், ரீட் வால்வ் (உள்ள போன கலவை திரும்பாம தடுக்கற தகடு) இதெல்லாம் மாத்தி பிக்கப் ஏத்தலாம்னு இருக்கறவங்க ஒரு தடவை இதைப் படிச்சிருங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

வண்டி அப்பாவோடது, 94 மாடல். 98 சிசி, 11 எச்பி, கம்பெனில வந்தது 20 எம்எம் மிக்குனி கார்ப். என்ஜின்ல பெருசா குறை ஒண்ணுமில்ல, ஆனா சிக்னல்ல முறுக்குனா ஒரு நொடி நின்னு அப்புறந்தான் கிளம்பும். சின்ன வயசுல பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து போன அதே வண்டி இப்படி இல்லையேன்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. காத்து அதிகமா போனா சரியாயிரும்னு நினைச்சு 28 எம்எம் ஃப்ளாட் ஸ்லைடு கார்ப், ஒரு கோன் ஃபில்டர், கார்பன் ரீட் மூணும் ஆன்லைன்ல வாங்குனேன். ஏர் பாக்ஸ கழட்டி அட்டத்துல போட்டுட்டேன்.

மாத்துன அன்னைக்கு சத்தமே வேற. ஃபில்டர் காத்த உறிஞ்சற சத்தம் நேரா காதுல விழறதால வண்டி பறக்கற மாதிரியே இருக்கும், அதை நம்பிராதீங்க. 6000 ஆர்பிஎம் தாண்டுனா நிஜமாவே இழுத்துச்சு, அதை நான் மறுக்கல. ஆனா கீழ ஒண்ணுமே இல்ல, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி முறுக்குனா "ப்பூ"ன்னு அடைச்சு நின்னுட்டு அப்புறம் திடீர்னு எகிறும். ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. 20-ல இருந்து 28 எம்எம்னா கேக்க 8 எம்எம் தான், ஆனா ஓட்டையோட பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. என்ஜின் அதே 98 சிசி, அது இழுக்கற காத்தும் கீழ் ஆர்பிஎம்ல அதே அளவுதான், அவ்ளோ பெரிய வாய் வழியா போறப்ப காத்தோட வேகம் குறைஞ்சிருது, வேகம் இருந்தாத்தான ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) இருந்து பெட்ரோல உறிஞ்சி மேல தூக்கும்?

மூணாவது வாரம் ஒரு மதியம், காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்ல ஒரு லாரிய ஓவர்டேக் எடுக்கறேன், நாலாவது கியர், ஃபுல்லா முறுக்கிட்டேன். முதல்ல சில்லறைக் காச டப்பால போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம், அப்புறம் யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி வேகம் செத்துச்சு, அடுத்த நொடி பின் வீல் லாக். கிளட்ச்சு மேல எப்பவும் ரெண்டு விரல் வச்சு ஓட்டற பழக்கம் எனக்கு, அதனாலதான் இன்னைக்கு எழுதிட்டிருக்கேன். ரோட்ல என் டயர் போட்ட கறுப்புக் கோட்டப் பாத்ததும் கை நடுங்கிருச்சுங்க.

அந்தப் பக்கம் டூ ஸ்ட்ரோக் மட்டும் பாக்கற ஒரு அண்ணன்கிட்ட தள்ளிட்டுப் போனேன். ஹெட்ட கழட்டி போர (பிஸ்டன் ஓடற சிலிண்டர) தூக்குனா பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இழுத்திருக்கு, அலுமினியம் உருகி போர்ல அப்பியிருக்கு. ப்ளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அவர் சொன்னது ரெண்டு காரணம். ஒண்ணு, அந்தக் கார்ப்ல வந்த ஜெட்ட அப்படியே விட்டுட்டேன், திறந்த ஃபில்டருக்கு அது பத்தல, லீனா, அதாவது காத்து அதிகமா பெட்ரோல் கம்மியா ஓடி சூடேறிருக்கு. இன்னொண்ணு நான் யோசிக்கவே இல்ல. ஆர்எக்ஸ்ல த்ராட்டில் கேபிள் ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு கார்புக்கும் இன்னொண்ணு என்ஜினுக்குள்ள ஆயில் அனுப்பற பம்ப்புக்கும் போகும், கார்ப் மாத்துனதுல பம்ப் கேபிளோட மார்க் தப்பிப் போச்சு, ஃபுல்லா முறுக்குன நேரத்துல ஆயில் கம்மியாத்தான் போயிருக்கு.

அப்புறம் பழைய சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு. கார்பையும் என்ஜினையும் இணைக்கற மேனிஃபோல்ட் ரப்பர கைல வளைச்சுக் காட்டுனாரு, வெளிய பாத்தா ஒண்ணுமில்ல, வளைச்சா உள்ள முடி மாதிரி நாலஞ்சு வெடிப்பு வாயத் தொறக்குது. பழைய ரீட் பிளாக்க ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சாரு, ரெண்டு தகட்டுக்குக் கீழ வெளிச்சம் கோடு மாதிரி தெரியுது. தகடு சரியா ஒட்டலேன்னா உள்ள போன கலவை திரும்ப கார்ப் பக்கமே வந்துரும்னாரு. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச தொட்டா உதிருது. நான் இத்தனை வருசமா பவர் இல்லன்னு சொன்னதுக்குக் காரணம் இந்த மூணுந்தான்.

0.50 எம்எம் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு அதுக்கேத்த மாதிரி சிலிண்டர கடைஞ்சு ரீபோர், புது மேனிஃபோல்ட், புது ரீட் தகடு, எண்ணெய்ல நனைச்சுப் பிழிஞ்ச புது ஸ்பாஞ்ச், அதே 20 எம்எம் கார்ப்ல நீடிலும் நீடில் ஜெட்டும் மட்டும் புதுசு. மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போட்டாரு, ஏன்னா இப்ப பங்க்ல வர்ற இ20-ல 20 சதவீதம் எத்தனால், அதுலயே ஆக்ஸிஜன் இருக்கறதால அதே ஜெட்ல வண்டி லீனா ஓடும். ரன்னிங் (புது பிஸ்டன் பழகற வரைக்கும் மெதுவா ஓட்டறது) முடிச்சு ஃபுல் த்ராட்டில்ல ஓட்டி, கிளட்ச் பிடிச்சு அப்படியே ஆஃப் பண்ணி ப்ளக்க கழட்டிப் பாத்தோம், காப்பிப் பொடி கலர், அதான் சரியான கலர். இப்ப மணிக்கட்டு அசையறதுக்குள்ள வண்டி முன்னாடி போகுது.

—

அண்ணா, நான் குன்னூர். உங்களுக்கு நடந்தது எனக்கு வேற வழில நடந்துச்சு. மேல ஊட்டி 2240 மீட்டர், கீழ மேட்டுப்பாளையத்த விட காத்து அடர்த்தி கிட்டத்தட்ட 6-ல 1 பங்கு கம்மி. ப்ளக் கறுப்பா இருக்கே, பெட்ரோல் அதிகமா போகுதுன்னு ஊட்டில ஜெட்ட ஒரு சைஸ் குறைச்சேன், சும்மா சொல்லக்கூடாது, மலைல அருமையா ஏறுச்சு. ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்குனேன், இறக்கம் முழுக்க த்ராட்டில மூடி கியர்லயே வந்திருக்கேன், அப்ப ஆயிலும் ரொம்பக் கம்மியா போகுது, கல்லாறு தாண்டி ரோடு நேரானதும் முறுக்குனேன், அங்கயே ஜாம். இப்பல்லாம் இறங்கறப்ப நடுநடுவுல கிளட்ச்ச பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விட்டுருவேன், கீழ போறதுன்னா பெரிய ஜெட்ட மாத்தாம கிளம்பவே மாட்டேன்.

—

நம்மளுது கார். கழுவிக் கழுவிப் போடற காட்டன் ஃபில்டர் வாங்குனேன், கழுவிட்டு எண்ணெய் தெளிக்கறப்ப நல்லா இருக்கட்டும்னு ரெண்டு ரவுண்ட் அதிகமா அடிச்சுட்டேன். அந்த எண்ணெய் போய் உள்ள போற காத்த அளக்கற ஏர் ஃப்ளோ சென்சர் கம்பில படிஞ்சிருச்சு, ஒரு மாசத்துல செக் என்ஜின் லைட், ஆக்சிலேட்டர மிதிச்சா ஜெர்க். அதுக்குன்னே விக்கற க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சதும் சரியாச்சு. பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிட்டேன், ஓட்டறதுல ஒரு வித்தியாசமும் தெரியல.

—

முதல்ல எழுதுன ஆர்எக்ஸ்காரன்தான் மறுபடியும். கல்லாறுல ஜாம் ஆன குன்னூர் தம்பி, நீங்க எழுதுனதப் படிச்சதும் வயிறு கலங்கிருச்சு, நல்லவேளை அடி ஒண்ணும் படல. இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டாங்க, பவர் எவ்ளோ ஏறுச்சுன்னு. டைனோல (பவர் அளக்கற மெஷின்) ஏத்திப் பாக்கல, அதனால நம்பர் சொல்ல மாட்டேன். 28 எம்எம் கார்ப் மோசம்னும் சொல்ல வரல, போர்ட்டிங் பண்ணி (சிலிண்டர்ல கலவையும் புகையும் போற வழிய பெருசாக்கி), அதுக்கேத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டு ட்ராக்ல மேல் ஆர்பிஎம்லயே ஓட்டறவங்களுக்கு அது வேணும். பால் வாங்கப் போற வண்டிக்கு வேண்டாம்.

மேனிஃபோல்ட் லீக் எப்படிப் பாக்கறதுன்னும் கேட்டிருந்தாங்க. வண்டி ஐட்லிங்ல நிக்கட்டும், கார்ப் க்ளீனர ரப்பரச் சுத்தி லேசா அடிங்க, சைலன்சர் பக்கம் படாம பாத்துக்கங்க. ஐட்லிங் ஏறுனாலோ இறங்குனாலோ அங்க ஓட்டை இருக்கு. முறுக்கி விட்டப்புறம் ரேஸ் இறங்காம அப்படியே நின்னாலும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்த ரப்பரத்தான். கார்ப் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டு இங்க எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்.