பிரேவ் லூபஸ் ஜெர்சியில் கையெழுத்து மை பரவுகிறது: உதவி தேவை

தோஷிபா பிரேவ் லூபஸ் டோக்கியோ ரக்பி அணியின் சிவப்பு ஜெர்சி ஒன்றில் வீரர்கள் நால்வர் இட்ட கையெழுத்துகள், ஜூனில் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மெல்ல ஊறிப் பரவி வருகின்றன. 2024 மே 26 அன்று டோக்கியோவின் தேசிய மைதானத்தில் இந்த அணி சைதாமா வைல்ட் நைட்ஸை 24-20 என வீழ்த்தி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் ரக்பி லீக் கோப்பையை வென்றபோது நியூசிலாந்து வீரர் ரிச்சி மோவுங்கா அணிந்திருந்த அதே 10ஆம் எண் இதன் முதுகில் இருப்பதால், எங்கள் வீட்டில் இதற்குத் தனி மரியாதை உண்டு.

நான் யோகொஹாமாவில் வசிக்கிறேன். துணி முழுக்கப் பாலியெஸ்டர். கையெழுத்துகள் கறுப்பு மார்க்கரால் இடப்பட்டவை. ஒருமுறைகூடத் துவைக்காமல், கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் படாத சுவரில்தான் மாட்டியிருந்தேன். ஆயினும் எழுத்துகளின் ஓரங்களில் ஊதா நிறம் கசிகிறது. ஒரு கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு வெறும் கறையாகவே மாறிவிட்டது.

வெள்ளைத் துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டதில், மை பின்பக்கத் துணிக்கும் இறங்கியதுதான் மிச்சம். சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து இரண்டு வாரம் பார்த்தும் மாற்றமில்லை. சட்டமிடும் கடைக்காரர் புதிய பேனாவால் மேலெழுதித் தருவதாகச் சொன்னார். அப்புறம் அது அவருடைய கையெழுத்தாகிவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

பாலியெஸ்டர் துணியில் பரவும் மார்க்கர் மையை, இப்போதுள்ள நிலையிலாவது மேலும் பரவாமல் நிறுத்த என்ன செய்ய வேண்டும்?