நிலைத்தன்மை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு) விதிகளைப் பார்க்கும் நிதித் துறை வழக்கறிஞர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஃபண்டு நிறுவன ஊழியர்:
ஐரோப்பாவில் விற்கும் எங்கள் ஃபண்டின் பெயரில் 'சுற்றுச்சூழல்' என்ற சொல் இருந்தது. ஐரோப்பியப் பத்திரங்கள், சந்தைகள் ஆணையமான எஸ்மாவின் ஃபண்டுப் பெயர் விதிகள், ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஃபண்டுகளுக்கு 2025 மே 21 முதல் பொருந்தும். முதலீட்டில் குறைந்தது 80 சதவீதம் அறிவித்த சுற்றுச்சூழல் இலக்குகளுக்கு உட்பட வேண்டும். அதைத் தாண்டிவிட்டோம், வழக்கறிஞர் உடனே ஒப்புதல் தந்துவிடுவார் என்றிருந்தோம்.

அவரோ விளக்க ஆவணத்தை ஒதுக்கிவிட்டுப் பங்குப் பட்டியலைக் கேட்டார். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்த பேனா ஒரு சுரங்க நிறுவனத்தில் நின்றது. செம்பு எடுக்கும் நிறுவனம் அது. காற்றாலைக்கும் மின்வாகனத்துக்கும் செம்பு வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஆசையாக வாங்கியது. ஆண்டறிக்கையில் பிரிவுவாரி வருவாய்ப் பக்கத்தைப் புரட்டினார். பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வருவாயில் 3 சதவீதம் தந்துகொண்டிருந்தது.

"'சுற்றுச்சூழல்' என்ற பெயருக்கு விலக்கு வரம்புகளும் உண்டு. நிறுவனத்தின் வருவாயில் எண்ணெய்க்கு 10 சதவீதம், எரிவாயுவுக்கு 50 சதவீதம். நிலக்கரிக்கு 1 சதவீதத்தைத் தொட்டாலே அந்தப் பங்கை விலக்க வேண்டும்" என்றார்.

"அந்தச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் மேடம்!"

"அப்படியானால் 'மாற்றம்' என்ற வகைப் பெயருக்குப் போகலாம். அதற்கு இந்த நிலக்கரி வரம்பு கிடையாது. ஆனால் அளந்து பார்க்கக்கூடிய மாற்றப் பாதையைக் காட்ட வேண்டும். சுரங்கத்தை மூடும் திட்டம் எழுத்தில் இருக்கிறதா?"

இருந்தது. ஆனால் அதுவரை எங்களில் யாரும் அதைத் தேடிப் படித்ததில்லை. பெயரை மாற்றினோம், பங்கும் தங்கியது. விதியை வைத்துப் பயமுறுத்தாமல் வழி சொன்ன அந்த வழக்கறிஞர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

இதே துறை வழக்கறிஞர்:
பெயரைவிடத் தரவுதான் எங்கள் நேரத்தை விழுங்குகிறது. ஒரே நிறுவனத்தின் நிலைத்தன்மைக்கு ஒரு மதிப்பீட்டாளர் உயர்ந்த மதிப்பெண் தருகிறார், இன்னொருவர் தாழ்த்துகிறார். அதனால் மதிப்பெண்ணை மட்டும் கொண்டுவந்தால் நான் ஏற்பதில்லை. நிறுவனத்தின் சொந்த அறிக்கையைக் கேட்பேன். ஃபண்டுகள் தங்கள் நிலைத்தன்மைத் தகவலைச் சொல்ல வேண்டும் என்று 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய வெளிப்படுத்தல் விதியின் 8 (சுற்றுச்சூழல் அல்லது சமூக அம்சங்களை முன்வைக்கும் ஃபண்டு), 9 (நிலைத்தன்மை முதலீட்டையே இலக்காகக் கொண்ட ஃபண்டு) ஆகிய பிரிவுகள் தரமுத்திரைகளே அல்ல. ஆனால் சந்தை அவற்றை முத்திரையாக்கி விற்றது. 2022 இறுதியில் ஏராளமான ஃபண்டுகள் 9-லிருந்து 8-க்கு இறங்கியபோது முதலீட்டாளர்கள் திகைத்துப்போனதில் வியப்பில்லை.

முதலீட்டாளர்:
அப்படித் திகைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு பெயர் மாற்றக் கடிதமும் வந்தது. என்ன விற்றீர்கள் என்று கேட்டேன், ஒன்றும் விற்கவில்லையாம். எந்தப் பங்கினால் பெயர் மாறியது என்பதைக் கடிதத்திலேயே சொன்னால் என்ன?

இதே துறை வழக்கறிஞர்:
நியாயமான கேள்வி, அம்மா. நான் பார்க்கும் கடிதங்களில் காரணத்தை ஒரு பத்தியாவது எழுதச் சொல்கிறேன். சில நிறுவனங்கள் எழுதுகின்றன. மற்றவை 'ஒழுங்குமுறை மாற்றம் காரணமாக' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வரியோடு கடிதம் வந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.