வீட்டுல செஞ்சு விக்கிறவங்க வாங்க, மனசுல நிக்கிற ஒரு கஸ்டமர பத்தி சொல்லுங்க

தான்லின் முறுக்கு

ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டே இருக்கு, வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "இதெல்லாம் ஒரு விஷயமா"ங்குறாரு, அதான் இங்க எழுதறேன். நீங்களும் உங்களோடத போடுங்க.

தீபாவளிக்கு முந்தி ரங்கூன்ல ஒரு சேல்ஸ் கிளாஸ் வெச்சாங்க, வீட்டுல இருந்து தொழில் பண்ற பொம்பளைங்களுக்குன்னு. நானும் காச கட்டிட்டு போனேன். பூரா பர்மாக்காரங்க, தமிழ் முகம் நான் ஒருத்திதான். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் சார் சொல்றாரு, பக்கத்துல உக்காந்திருக்கவங்ககிட்ட உங்க சாமான வித்துக் காட்டுங்க, நான் டைம் பாக்குறேன்னு. எனக்கு பக்கத்துல ஒரு வயசான அம்மா, லாபெத், அதான் தேயிலை ஊறுகா, ஊறப்போட்டு விக்கிறவங்க. நான் முறுக்கு பாக்கெட்ட எடுத்ததுதான் தாமதம், அவங்க வாயத் தொறந்து காட்டுறாங்க. மேல ஒண்ணு கீழ ரெண்டு பல்லுதான் இருக்கு. "இத வெச்சு நான் எங்க கடிக்க மகளே"ன்னு ஒரே சிரிப்பு.

எனக்கும் சிரிப்பு தாங்கல. மொறுமொறுன்னு இருக்கும், பாமாயில் கிடையாதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்ததெல்லாம் போச்சு. அப்புறம் வீட்டுல யாரு இருக்காங்கன்னு பேச்சு போச்சு. பேரன் மாண்டலேல ஹாஸ்டல்ல இருக்கானாம், ராத்திரி படிக்கிறப்ப பசிக்குதுன்னு பாக்கெட் நூடுல்ஸயே தின்னு வயித்த கெடுத்துக்கிறானாம். கார் கேட்டுல, அதான் வெளியூர் பஸ் நிக்கிற எடத்துல, போட்டு அனுப்பினா நொறுங்குமான்னு அவங்களாவே கேட்டாங்க, டின்னுல பேப்பர் வெச்சு அடுக்கினா நொறுங்காதுன்னு சொன்னேன், அவ்ளோதான், பர்ஸ தொறந்துட்டாங்க. அந்த நோட்ட வாங்கி, சந்தையில காலையில முதல் வியாபாரம் ஆனதும் தட்டுவாங்கல்ல, அது மாதிரி மிச்ச பாக்கெட்டுங்க மேல தட்டினேன், அவங்களும் வியாபாரிதானே, கூட சேர்ந்து தட்டினாங்க.

சார் வந்தாரு. கிளாஸ் முன்னாடி நிக்க வெச்சு சொல்றாரு, "இவங்க விக்கவே இல்ல, கதை பேசிட்டு இருந்தாங்க, ப்ராடக்ட்ட பத்தி ஒரு நல்ல பாயிண்ட் கூட வாயில இருந்து வரல." மார்க்கும் கம்மி. அந்த அம்மா இன்னிக்கு வரைக்கும் மாண்டலேக்கு ஆர்டர் போட்டுட்டு இருக்காங்க. அப்ப நான் அன்னிக்கு பண்ணதுக்கு பேரு என்னங்க?

பசுண்டாங் பிளவுஸ்

அக்கா அந்த கிளாஸ் காசுக்கு எண்ணெய் வாங்கி வெச்சிருக்கலாம். இந்த சார்ங்க எல்லாம் சொந்தமா ஒரு ஊறுகா பாட்டில் வித்திருப்பாங்களான்னு கேளுங்க.

என் கதை பூஸ்ட்டு கதை. ஃபேஸ்புக்ல பூஸ்ட் போட, அதான் காச கட்டி நம்ம போஸ்ட்ட நிறைய பேருக்கு காட்ட, நம்மகிட்ட கார்டு ஏது, ஏஜென்ட்டுகிட்டதான் போகணும். அவன் சொல்றதுதான் டாலர் ரேட்டு. சென்ட்ரல் பேங்க் 2022 ஆகஸ்ட்டுல ஒரு டாலருக்கு நம்ம பர்மா காசு 2100 கியாட்டுன்னு ஒரு ரேட்ட எழுதி வெச்சது, அந்த ரேட்டுக்கு நமக்கு வெளிய எவன் தருவான். சரின்னு குடுத்தேன். ஆரி வேலை பண்ண மயில்கழுத்து கலர் பிளவுஸ், ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த படம், நானே அசந்துட்டேன் அவ்ளோ அழகு. லைக்கு கொட்டுது. யாருன்னு பாத்தா எல்லாம் ஆம்பள பசங்க, எங்கெங்கயோ ஊருல இருக்கானுங்க. ஏஜென்ட்டு நாடு பூரா, ஆணு பொண்ணு எல்லாருக்கும்னு போட்டு விட்டிருக்கான். ரங்கூன்ல மட்டும், பொம்பளைங்களுக்கு மட்டும்னு வைக்கறதுக்கு அங்கயே இடம் இருக்காமே, அத எனக்கு சொன்னது பத்தாவது படிக்கிற எதுத்த வீட்டு பொண்ணு.

இதுல மறக்க முடியாதது என்னன்னா, ராத்திரி பன்னண்டு மணிக்கு ஒருத்தன் மெசேஜு, "ஹாய் அழகு, தூங்கலயா"ன்னு. நான் விடல. "வணக்கம் தம்பி, மார்பு சுத்தளவு எவ்ளோ? முன் கழுத்து எத்தன இஞ்ச் எறக்கணும்? பின்னாடி கயிறு வேணுமா ஹூக்கு போதுமா? பாதி அட்வான்ஸ் போட்டாத்தான் துணி வெட்டுவேன்"ன்னு வரிசையா அனுப்பினேன். ப்ளாக் பண்ணிட்டு ஓடிட்டான். அந்த பூஸ்ட்டுல எனக்கு வந்த ஒரே என்கொயரி அதுதான் போங்க.

பெகு அண்ணாச்சி

எல்லாருக்கும் வணக்கம். நான் பெகுவுல வீட்டுல ஊதுபத்தி உருட்டி விக்கிறேன். ஒருத்தர் வந்து எல்லா வாசனையும் மோந்து பாத்துட்டு தும்மிட்டு போயிட்டாரு, அதுதான் என் அனுபவம்.

ஆனா இங்க படிக்கிறப்ப ஒண்ணு தெரியுது, அடிப்படை தெரியாம பேசறீங்க. மார்க்கெட்டிங்னா நாலு பி. ப்ராடக்ட், ப்ரைஸ், ப்ளேஸ், ப்ரமோஷன். 1960லயே மெக்கார்த்திங்கற அமெரிக்க புரொபசர் வகுத்து வெச்சது. நீங்க எல்லாரும் கடைசி பி-ய மட்டும் புடிச்சுக்கிட்டு தொங்கறீங்க. முதல்ல விலைய போடுங்க விலைய! இங்க நம்மாளுங்க பேஜ பாத்தா எல்லாம் "விலைக்கு சாட்பாக்ஸ் வாங்க", "விலைக்கு சாட்பாக்ஸ் வாங்க". ஏன், விலை என்ன வயசுக்கு வந்த பொண்ணா ஒளிச்சு வைக்க? கேக்கறவன் பத்து பேஜுல கேப்பான், எவன் முதல்ல பதில் சொல்றானோ அவன்கிட்ட வாங்கிட்டு போயிடுவான். நீங்க அடுப்புல இருந்து கைய தொடச்சிட்டு வந்து பாக்கறதுக்குள்ள வியாபாரம் முடிஞ்சிருக்கும். அப்புறம் விலை வைக்கறது. மாவு, எண்ணெய், பாக்கெட்டு, கரி இதெல்லாம் கூட்டறீங்க, உங்க கைக்கூலிய யாரு கூட்டுவா? ஜெனரேட்டர் டீசல்? டெலிவரி பையன் கொண்டு போயி, வீட்டுல ஆள் இல்லன்னு திரும்பி வந்த பார்சலு? அதையும் சேத்துத்தான் விலை. மூணு சைஸ் வைங்க, சின்னது, நடுத்தரம், பெருசு. ஒண்ணே ஒண்ணு வெச்சா "வாங்கவா வேணாமா"ன்னு யோசிப்பான், மூணு இருந்தா "எத வாங்க"ன்னு யோசிப்பான். பழைய கஸ்டமருக்கு மாசம் ஒரு தடவ ஒரு வார்த்தை போடுங்க, புது ஆள தேடி போறதவிட அது சல்லிசு. பாக்கெட்டு மேல தயாரிச்ச தேதி, போன் நம்பரு, பர்மீஸ்ல பேரு. பர்மீஸ்ல போடாம தமிழ்ல மட்டும் லேபிள் ஒட்டினா காளி கோவில் வாசலத் தாண்டி ஒரு பாக்கெட்டு போகாது.

இன்னும் நிறைய இருக்கு, தேவைன்னா சொல்றேன்.

பசுண்டாங் பிளவுஸ்

அண்ணாச்சி, பிளவுஸுக்கு எப்படிங்க விலை போடறது? லைனிங் இருக்கா, ஆரி எவ்ளோ, கை நீளம் என்ன, ஒவ்வொண்ணும் ஒரு விலை. ஊதுபத்திக்கு சொல்றத எல்லாம் தையலுக்கு சொல்லாதீங்க.

பெகு அண்ணாச்சி

"இவ்ளோ முதல்"னு போடலாமேம்மா. குறைஞ்ச விலைய போட்டுட்டு மேல என்ன சேந்தா என்ன ஆகும்னு ஒரு படம் வெச்சிடுங்க. முடிஞ்சது.

மோல்மேன் பாலாச்சாங்

அண்ணாச்சி தும்மினவரு கதையவே இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம், நல்லா இருந்திருக்கும் 😄

நான் பாலாச்சாங் விக்கிறேன். உலர்ந்த எறா, பூண்டு, வெங்காயம், மிளகா, எல்லாம் எங்க மாமியார் கைப்பக்குவம். லைவ் போட்டுத்தான் விக்கிறது. கமெண்ட்ல வர்றவங்க பேர சொல்லி சொல்லி கூப்பிடணும், இல்லன்னா கோவிச்சுக்குவாங்க. கரண்ட் வர்ற நேரம் பாத்துத்தான் லைவே வைப்போம்.

ஒரு நாள் நல்லா போயிட்டு இருக்கு, ஒரு பர்மாக்கார அக்கா டைப் பண்றாங்க, "தங்கச்சி நீ செய்யற பாலாச்சாங்க பாக்க பாக்க நாக்கு ஊறுது, ஆனா இது வா மாசம், புத்தர் விரத காலம், எங்க வீட்டுல மூணு மாசம் கவிச்சி கிடையாது, ஏன் இப்பல்லாம் போட்டு என்ன சோதிக்கிற"ன்னு. கூடவே அழற பொம்ம. நான் சிரிச்சுட்டு அடுத்த பேருக்கு போயிட்டேன். எங்க மாமியா கேமராவுக்கு பின்னாடி நின்னு வாணலிய துடைச்சிட்டு இருந்தவங்க, சட்டுனு முன்னாடி வந்து, சீலை எல்லாம் மாவு, தல கலைஞ்சு கெடக்கு, ஸ்க்ரீன பாத்து "எறாவுக்கு பதிலா காளானும் வேர்க்கடலையும் போட்டு செஞ்சு தரேன், ஞாயித்துக்கெழம அனுப்பறேன்"ன்னு பர்மீஸ்ல சொல்லிட்டாங்க. அப்படி ஒரு ஐட்டமே நாங்க செஞ்சது கெடையாது! கமெண்ட்ல ஒண்ணு மேல ஒண்ணா "எனக்கும்", "எனக்கும்". எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. சனிக்கெழம ராத்திரி பூரா வீடு முழுக்க புகை, காளான் முறுகவே மாட்டேங்குது, தண்ணி விட்டுக்கிட்டே இருக்கு. கடைசியில காயவெச்ச காளான் வாங்கி, பொடியா வெட்டி வறுத்து ஒரு வழியா மாமியா பக்குவத்த புடிச்சாங்க.

ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் இப்ப எங்களுக்கு சைவ பாலாச்சாங்தான் ஓடுது. தான்லின் அக்கா, உங்க சார்கிட்ட சொல்லுங்க, எங்க மாமியாரும் கிளாஸுக்கு எல்லாம் போகல.

ஆனா பிளவுஸ் அக்கா சொல்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கிளாஸ் எல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்ல முடியாது. லைவ்ல வெளிச்சம் எங்க வைக்கணும், முதல்ல எத காட்டணும்னு நான் ஒரு கிளாஸ்லதான் கத்துக்கிட்டேன். சார் மோசம்னா சார் மோசம், அவ்ளோதான்.

தாமுவே பலகாரம்

நான் சுருக்கமா. பர்மாக்காரங்களுக்கு விக்கறது சுலபம்ங்க, விலைய கேப்பாங்க, வாங்குவாங்க இல்ல போவாங்க. நம்ம ஆளுங்களுக்கு விக்கறதுக்குத்தான் தனி படிப்பு வேணும். ஒரு மாமி வளைகாப்புக்கு அதிரசம், லட்டு எல்லாம் வாங்கிட்டு "அடுத்த வாரம் தரேன்"ன்னு போனவங்க. ஆளே காணோம். கோவில்ல பிரசாத வரிசையில எனக்கு முன்னாடி நிக்கிறாங்க. நான் பின்னாடி இருந்து "மாமி சௌக்கியமா"ன்னேன். திரும்பி, என் கையப் புடிச்சு, பக்கத்துல இருந்த சம்பந்தியம்மாகிட்ட "இந்த பொண்ணுதான் அதிரசம் செஞ்சது, கை அவ்ளோ ருசி, நீங்களும் இவகிட்டயே சொல்லுங்க"ன்னு எனக்கு விளம்பரம் பண்றாங்க! சம்பந்தியம்மா அங்கயே ஆர்டர் குடுத்துட்டாங்க, முழு பணமும் குடுத்தாங்க. மாமி இன்னும் குடுக்கல. இப்ப நான் கேக்கறதா விடறதா?

பெகு அண்ணாச்சி

கேளுங்கம்மா. விளம்பரம் வேற, பாக்கி வேற. இனிமே பாதி அட்வான்ஸ் இல்லாம...

தாமுவே பலகாரம்

அண்ணாச்சி உங்கள கேக்கல 🙏

சாம்பார் பொடி வீட்டுப் பையன்

நான் பேஜ் பாத்துக்கறவன், பொடி அரைக்கறது எங்கம்மா. 2014ல சிம்கார்டு 1500 கியாட்டுக்கு வந்தப்ப இருந்து போன்தான் எனக்கு எல்லாம். பேஜ நான் எவ்ளோ கஷ்டப்பட்டு வளத்தேன்னு எனக்குத்தான் தெரியும், 2019 அக்டோபர்ல பர்மீஸ் எழுத்த ஸாஜிங்கற பழைய ஃபான்ட்டுல இருந்து யூனிகோடுக்கு மாத்தினப்ப பழைய போஸ்ட்டெல்லாம் பாதி பேருக்கு எழுத்து கலைஞ்சு தெரிஞ்சுது, உக்காந்து ஒண்ணொண்ணா திரும்ப டைப் பண்ணேன்.

அம்மாவுக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே கெடையாது. ஒரு ஸ்கூல் நோட்டு வெச்சிருப்பாங்க, யாரு வீடு, போன் நம்பரு, காரம் கூடவா கொறைச்சலா, யாருக்கு பெருங்காயம் ஆகாது, எப்ப வாங்கினாங்க, எல்லாம் தமிழ்லயே எழுதி இருக்கும். நான் கிண்டல் பண்ணுவேன். 2021 பிப்ரவரி 4, ராணுவம் ஆட்சிய புடிச்ச கையோட ஃபேஸ்புக்க மூடிட்டாங்க. தடைய சுத்திப் போற விபிஎன் ஆப் போட்டு நான் உள்ள போயிட்டேன், கஸ்டமரு எல்லாரும் வரணுமே? மார்ச்ல மொபைல் நெட்டயே நிறுத்தினாங்க, அப்ப விபிஎன்னும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பேஜுல ஆயிரக்கணக்குல ஆளுங்க, ஒருத்தரோட போன் நம்பரும் என்கிட்ட இல்ல. அம்மா நோட்ட எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, பட்டன் போன்ல ஒவ்வொருத்தரா கூப்பிட ஆரம்பிச்சாங்க.

நான் பக்கத்துலயே இருந்தேன். ஒரு பர்மாக்கார பெரியம்மா, ரங்கூன்ல இன்ஸேன் ஏரியாவுல இருக்காங்க, பழைய கஸ்டமரு. அம்மா பொடிய பத்தி பேச்சே எடுக்கல, சாப்டீங்களா, மகன் வீட்டுக்கு வந்துட்டானா, வெளிய போகாதீங்கன்னு அது பாட்டுக்கு போகுது. அந்த பெரியம்மாதான் கேட்டாங்க, "கடை எப்ப தொறக்கும்னு தெரியல, எனக்கு ரெண்டு வீசை பொடி அனுப்பிடு"ன்னு. ரெண்டு வீசைன்னா மூணு கிலோவுக்கு மேல! எனக்கு மனசு குளுந்து போச்சு. எங்கம்மா சொல்றாங்க, "வேணாம், அவ்ளோ வாங்கினா வாசம் போயிடும், அரை வீசை வாங்குங்க, தீர்ந்ததும் கூப்பிடுங்க, அரைச்சு தரேன்."

நான் கைய ஆட்டி ஆட்டி காட்டறேன், பாக்கவே மாட்டேங்குறாங்க. போன வெச்சதும் ஒரே சண்ட. அந்த நேரத்துல வீட்டுல காசுக்கு என்ன நெலம, வந்த ஆர்டர போயி கொறைக்கறாங்களே. நாளைக்கு ரோடு அடைச்சிட்டா அரை வீசையும் போகாதேன்னு கத்தினேன். இன்னிக்கும் எனக்கு அது ஆறல. நீங்களே சொல்லுங்க.

பசுண்டாங் பிளவுஸ்

தம்பி நான் உன் பக்கம்தான். ரெண்டு வீசை கேட்டா ரெண்டு வீசை குடுக்கணும். அவங்க அக்கம்பக்கம் குடுத்து சாப்ட்டிருப்பாங்க, அந்த நாலு வீடும் உங்களுக்கு கஸ்டமரு ஆயிருக்கும். என்ன வாங்கணும்ங்கறத கஸ்டமருதான் முடிவு பண்ணணும், நாம இல்ல.

மோல்மேன் பாலாச்சாங்

போங்கக்கா, அந்த பெரியம்மா இப்பவும் வாங்கறாங்களா இல்லையா, அத முதல்ல கேளுங்க.

சாம்பார் பொடி வீட்டுப் பையன்

வாங்கறாங்க. அவங்க மருமகளும் வாங்குது. ஆனா அன்னிக்கு ரெண்டு வீசை குடுத்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பாங்கங்கறது என் வாதம்.

அம்மாகிட்ட இத படிச்சு காட்டினேன். பிளவுஸ் அக்காவுக்கு சொல்ல சொல்றாங்க: "அந்த பொண்ணு ஒரு வீசை பொடி வாங்கிட்டு போகட்டும், கரண்ட் இல்லாத வீட்டுல மழக்காலம் பூரா வெச்சிருந்துட்டு அப்புறம் வந்து பேசட்டும்."

பசுண்டாங் பிளவுஸ்

ஆன்ட்டிகிட்ட சொல்லு, கால் வீசை அனுப்ப சொல்லி. காரம் கொறைச்சு. விலை என்னன்னு இங்கயே போடு, சாட்பாக்ஸுக்கு எல்லாம் வர மாட்டேன்.