தேர்தல் வேலைக்குப் போனவர்கள் உங்கள் பூத் கதையைச் சொல்லுங்கள்

எனக்குப் போன தேர்தலோடு ஐந்து முறை ஆகிவிட்டது. ஆர்டர் கைக்கு வந்ததும் வயிற்றைக் கலக்கும், முடித்து வீடு திரும்பினால் ஒரு வாரம் சொன்னாலும் கதை தீராது. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

விடியற்காலையில் கட்சி ஏஜென்ட்டுகள் முன்னால் 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, கணக்கு ஒத்துப்போய், அதை மெஷினிலிருந்து அழித்து, சீல் வைத்து ஏழு மணிக்குத் தொடங்கினோம். பத்து மணிவாக்கில் ஒரு பாட்டி வந்தார். கையில் போட்டோ ஒட்டிய பாஸ்புக் மட்டும். அது செல்லும், சிக்கல் அதில் இல்லை. பட்டியலில் அதே பெயரில் மூன்று பேர், படங்கள் மூன்றும் கறுப்புத் திட்டு. சரி, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்கம்மா என்றார் எங்கள் முதல் அலுவலர். பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மலைமேல நிக்கிறவரு பேரு" என்றார்.

அவ்வளவுதான், பூத்தே விடுகதை மேடை ஆகிவிட்டது. முருகேசனா? இல்லை. தண்டபாணியா? இல்லை. ஏழுமலையா? "அது பெருமாளு மலையில்ல" என்று பாட்டிக்கே கோபம். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஏஜென்ட்டுகள் எல்லாரும் தலையோடு தலை சேர்த்து யோசித்த ஒரே நேரம் அதுதான். கடைசியில் ஓர் ஏஜென்ட் எழுந்து வந்து என் காதில் சொன்னார், பட்டியலில் சரியாக இருந்தது. பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும்போது திரும்பி, "சத்தமா சொல்லிடலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

1951-52 முதல் பொதுத்தேர்தல் சமயத்தில் வடக்கே பல ஊர்களில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரையே சொல்லாமல் இன்னாருடைய அம்மா, இன்னாருடைய மனைவி என்று எழுதவைத்து, அப்படி இருந்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். எங்கள் பாட்டி தன் பெயரைக் கணீரென்றுதான் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்.

*

சார், எனக்கு வந்தது 49பி. ஒரு சினிமா வந்ததிலிருந்து எங்கள் பக்கம் பசங்களுக்கு அந்த எண் மனப்பாடம். ஒரு தம்பி நேராக வந்து, "மெஷின் வேண்டாம் மேடம், 49பி கொடுங்க" என்கிறான், ஹோட்டலில் ஆர்டர் கொடுக்கிற மாதிரி. உன் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால்தானப்பா அது, உன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்றால் அவன் முகம் வாடிவிட்டது! 49பிக்குக் கொடுக்கிற வாக்குச்சீட்டைத் தனி உறையில் வைத்துவிடுவோம், சாதாரணமாக எண்ண மாட்டார்கள் என்று விளக்கியபிறகு தான் மெஷின் பக்கம் போனான்.

அதே பூத்தில் மதியம் ஓர் ஏஜென்ட் எழுந்து, இவர் அந்த ஆளே இல்லை, ஆட்சேபிக்கிறேன் என்றார். விதிப்படி அதற்கு ரொக்கமாக ரெண்டு ரூபாய் கட்ட வேண்டும். சட்டைப்பையில் தேடினார், ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. "ஜிபே பண்ணட்டுமா?" ரொக்கம்தான் என்றேன். பக்கத்துக் கட்சிக்காரரிடம் சில்லறை கேட்டார், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி விடுங்க, அவராத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

*

இதெல்லாம் ஒரு கஷ்டமா? நான் ஓய்வு பெற்றவன், ஈரோட்டுப் பக்கம். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்கள். விவசாயிகள் தங்கள் குறையை அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்தார்கள் ஐயா, புத்தகமாக. சின்னத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது தனக்குத்தானே போடவில்லை. தன் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு. அதுவரை சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய், அந்த வருஷமே 5,000 ஆக்கிவிட்டார்கள். குறை தீர்ந்ததோ இல்லையோ, கட்டணம் ஏறியது.

*

நான் ரெண்டு தடவையும் மை வைக்கிற வேலைதான். மைசூரில் செய்கிற மை, வெள்ளி நைட்ரேட் கலந்தது, லேசில் போகாது. இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை கோடு இழுக்க வேண்டும். கல்யாணப் பெண்கள் வந்தால் கெஞ்சல்தான், கொஞ்சமா அக்கா, ஓரமா அக்கா. நான் என்ன மருதாணியா வைக்கிறேன்?

கண் தெரியாத தாத்தாவுக்குத் துணையாக ஒரு பேரன் வந்தான். துணைக்கு வருபவருக்கு வலது ஆள்காட்டி விரலில் வைக்க வேண்டும், இன்னொருவருக்கும் துணையாகப் போகக் கூடாதே. பையன் காலையிலேயே தன் ஓட்டைப் போட்டு இடது கையில் மையோடு இருந்தவன், ரெண்டு கையிலும் மையோடு வெளியே போனான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "அக்கா, கள்ள ஓட்டுன்னு தெருவே கேக்குது, ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்கிறான். தாத்தா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

*

எல்லாம் சரி, முதல் கதை எழுதிய சாரே, அந்தப் பாட்டி வீட்டுக்காரர் பெயர் என்ன? ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன். பழனியா? மருதமலையா? சென்னிமலையா?

*

தம்பி, பாட்டியே வாயைத் திறக்காத பெயரை நான் இங்கே எழுதிவிட்டு, அடுத்த தேர்தலுக்கும் அதே பள்ளிக்கூடத்தில் டியூட்டி போட்டுவிட்டால் என்ன செய்வது? மலை மட்டும் சரி. உங்கள் மூன்றில் ஒன்றும் இல்லை.